தக்காளியிலிருந்து போன தண்ணீர்

ஆகஸ்ட் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதலில் மெஷினின் கதவைத் திறந்தேன். நேற்று மாலை அடுக்கிய தக்காளி வில்லைகள் உள்ளே இருந்தன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அதன் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. எல்லாம் சிவப்பு, நடுவில் விதைகள் நின்ற இடம் மட்டும் சக்கரத்தின் ஆரங்கள் போல. இந்த வயது வரை தினமும் தக்காளி நறுக்கியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு கண்ணாடி இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

உன் கடிதம் போன வாரம் வந்தது. மலைமேல் போய் உட்கார்ந்த பிறகு நீ எழுதிய முதல் கடிதம். அதில் நலம் விசாரித்தது ஒரு வரி, மிச்சமெல்லாம் உத்தரவு. "பனி மூடும் நான்கு மாதமும் இந்த முறை வானிலை நிலையத்திலேயே தங்கி அளவெடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன் அண்ணி. சாப்பாடுதான் பிரச்சினை. டின்கள் கனம். ஏதாவது செய்யுங்கள்." நாத்தனார் என்றால் அதிகாரம் செய்ய வேண்டும் என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் பரணைப் பார்த்தேன்.

மூடிப்போன ஒரு ஹோட்டலின் சாமான்களை விற்றபோது உன் அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிவந்த உலர்த்தும் மெஷின் நினைவிருக்கிறதா? "என்னைக்காவது உதவும்" என்று ஏற்றிவைத்தாரே, அதுதான். பத்து வலைத்தட்டுகள், ஒரு வெப்பக் கம்பி, பின்னால் ஒரு விசிறி. வேறொன்றும் கிடையாது. இறக்கித் துடைத்து ஓடவிட்டேன்.

உன் அண்ணன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டு கூடை தக்காளி உள்ள போச்சு, ஒரு டப்பாதான் வெளிய வருது. மிச்சத்த மெஷினே தின்னுடுச்சா?" என்கிறார்.

அவர் கேட்டது விளையாட்டுக்கு. எனக்கோ அதே கேள்வி மண்டையில் குடிபுகுந்துவிட்டது. நாம் கனம் என்று தூக்கிச் சுமப்பதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். ஆப்பிள், வாழைப்பழம், வெந்த பீன்ஸ், ஏன், வடித்த சோறுகூட. வெறும் காற்று போய்வருகிறது, தண்ணீர் சத்தமில்லாமல் எழுந்து கூடவே போய்விடுகிறது. பிழை திருத்திப் பிழைப்பவளுக்கு எதைப் பார்த்தாலும் தப்பு எங்கே என்று தேடும் கண். இதில் தேட ஒன்றும் கிடைக்கவில்லை. மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அச்சகத்துக்குத் திருப்ப வேண்டிய பக்கங்கள் மேஜைமேல் அப்படியே கிடக்கின்றன.

மாதிரிக்குக் கொஞ்சம் அனுப்புகிறேன். வெந்நீரில் போட்டால் என்ன நடக்கிறதென்று எழுது. தண்ணீர் போவதை நான் பார்த்துவிட்டேன். திரும்பி வருவதை நீ பார்.

அண்ணி


ஆகஸ்ட் 15

அண்ணிக்கு,

கோபம் நியாயம். இங்கே ரேடியோவில் காலையும் மாலையும் எண்களை மட்டுமே பேசிப் பேசி எனக்கு வாக்கியம் மறந்துவிட்டது. இனி முயற்சி செய்கிறேன்.

பொட்டலம் வந்தது. கம்பியில் தொங்கிவரும் சரக்குத் தொட்டியில், டீசல் பீப்பாய்களுக்கு நடுவில். தூக்கியபோது யாரோ விளையாட்டுக்குக் காலிப் பையை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு பிடி தக்காளி, ஒரு பிடி பீன்ஸ், ஒரு பிடி சோறு. கொதிக்கும் நீரை ஊற்றி மூடினேன். என்னோடு இருக்கும் பெரியவர் நாற்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டார். அவர் என்னைவிட மூத்த வானிலை நோக்கர், முழங்கால் வலிக்காரர், உட்காரும்போது ஒரு "அம்மாடி", எழும்போது ஒரு "அம்மாடி". மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். தக்காளி முதலில் ஓரத்தில் நெகிழ்ந்தது. பிறகு பீன்ஸ் ஒவ்வொன்றாகத் தோலைத் தளர்த்திக்கொண்டு புரண்டது. சோறு, கூட்டமாகத் தூங்கி எழுபவர்களைப் போல, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழுந்தது.

"இது என்னம்மா, போனதெல்லாம் திரும்பி வருது" என்றார் பெரியவர். இருவரும் கிண்ணத்தை வழித்துக் காலி செய்தோம். சுடச்சுடத் தோட்டத்து வாசனை. இங்கே புல்கூட முளைக்காது அண்ணி.

எதற்காக இந்தப் பிடிவாதம் என்று அண்ணன் கேட்டால் இதைச் சொல்லுங்கள். இந்த நிலையம் தொடங்கியதிலிருந்து ஒரு வருடம்கூடப் பனி மூடும் மாதங்களில் யாரும் அளவெடுத்ததில்லை. பாதை மூடும், கம்பியை நிறுத்துவார்கள், ஆட்கள் இறங்கிவிடுவார்கள். பனி உருகி ஆறு பெருகும்போது, மேலே எவ்வளவு கிடந்தது என்று கீழே எல்லாரும் ஊகிக்கிறார்கள். அட்டவணையில் அந்த மாதங்கள் வெறும் கட்டங்கள். ஒரே ஒரு முறையாவது ஊகிக்காமல், கூடவே இருந்து பார்த்து எழுத வேண்டும் எனக்கு.

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு பேருக்கான சாப்பாடு முழுவதும் அக்டோபர் நடுவில் வரும் கடைசித் தொட்டியோடு மேலே வந்து சேர்ந்திருக்க வேண்டும். டீசல் போக மிச்சமுள்ள எடைதான் சாப்பாட்டுக்கு. டின் என்றால் நான்கு மாதத்தில் பாதிகூடத் தாங்காது. நீங்கள் செய்தால் தாங்கும். இல்லையென்றால் இறங்க வேண்டியதுதான்.

கறியும் இருந்தால் நல்லது. இந்தக் குளிரில் உடம்பு கேட்கிறது.

சுண்டெலி


செப்டம்பர் 3

சுண்டெலிக்கு,

கறி கேட்டாய். செய்துவிட்டேன். கறியும் ஆப்பிளும் வாழைப்பழமுமாக முதல் பெரிய மூட்டை இன்று கிளம்புகிறது.

கறிக்கடைக்காரரிடம் கொழுப்பே இல்லாத தொடைக்கறி வேண்டுமென்றேன். "கொழுப்பு இல்லாம என்னக்கா ருசி இருக்கும்?" என்று எனக்காக வருத்தப்பட்டார். கொழுப்பு உலராது, நாளானால் சிக்கு வாடை அடிக்கும் என்று விளக்கினேன், அவர் நம்பவில்லை. கறி பாதி உறைந்திருக்கும்போதுதான் சீராக நறுக்க வருகிறது. நாருக்குக் குறுக்கே நறுக்கினேன். நாரோடு நறுக்கினால் மென்று மென்றே உன் தாடை கழன்றுவிடும். உப்பு, மிளகு, பூண்டு, வினிகரில் ஊறவைத்து, உள்வரை வேகும்படி ஆவியில் வைத்து எடுத்து, அதன் பிறகுதான் தட்டில் பரப்பினேன். வெளியே வரும்போது மரப்பட்டை நிறம். வளைத்தால் நார் தெரிய வெடிக்க வேண்டும், ஆனால் ஒடியக் கூடாது. அந்தப் பதம் கைக்கு வர இரண்டு முறை வீணடித்தேன்.

வீணானது என்று சொல்லக்கூடாது. உன் அண்ணன் இருக்கிறார். "உப்பு சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்று ஒரு துண்டு. "மிளகு சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்று ஒரு துண்டு. பூண்டைப் பார்க்க வந்தபோது மெஷின் கதவை மூடிவிட்டேன்.

நடுவில் கீழ்வீட்டம்மா மாடிப்படி ஏறி வந்தார். "என்னம்மா இது, பகல் ராத்திரின்னு இல்லாம கறி வாசனை? டாக்டர் என்ன வெறும் கஞ்சில வச்சிருக்காரு. என்ன சோதிக்கிறதுக்குன்னே செய்யிறியா?" பாவமாக இருந்தது. அன்றிலிருந்து எல்லா ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்திவிட்டேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். மறுநாள் காலை ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிகிறது! வெளியே நல்ல வெயில். சுவர் வியர்த்திருக்கிறது. நாள்காட்டி சுருண்டுவிட்டது. உப்பு ஜாடியில் உப்பு கட்டி. அச்சகத்துப் பக்கங்கள் அலையலையாக நெளிந்துபோயின. தீக்குச்சி உரசினால் மருந்துதான் உதிர்கிறது.

"மழை வெளியதான் பெய்யும்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்றார் உன் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியருகே போய் நின்றேன். அவர் கேட்டாரே, மிச்சம் எங்கே என்று, இதோ இங்கே. என் ஆப்பிள், என் தக்காளி, என் கறி எல்லாம் கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். எந்த ருசியும் இல்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, மணம் எல்லாம் தட்டிலேயே தங்கிவிட்டன. தண்ணீர் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாததாய் எழுந்து வந்திருக்கிறது. எவ்வளவு சுத்தமான பிரிவு! இதைப் போய் யாரிடம் சொல்வது? கீழ்வீட்டம்மாவிடம் சொன்னால் டாக்டரை எனக்கும் சிபாரிசு செய்வார்.

மெஷினை நிறுத்தி, தட்டுகளிலேயே ஆறவிட்டுப் பைகளில் அடைத்திருக்கிறேன். ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜாடி என்னிடம். தினமும் குலுக்கிப் பார்ப்பேன். இங்கே கெடாமல் இருந்தால் அங்கேயும் கெடாது.

அண்ணி


செப்டம்பர் 8

சுண்டெலி,

கறியைச் சாப்பிடாதே. இன்று குலுக்க எடுத்தபோது ஜாடியின் உள்பக்கம், யாரோ மூச்சுவிட்டதுபோல, மங்கிக் கிடந்தது. திறந்தேன். ஓரத்துத் துண்டுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

மெஷின்மேல் குற்றமில்லை. அது தண்ணீரை வெளியே எடுத்தது. நான் ஜன்னலைச் சாத்தி அதைப் போகவிடாமல் வைத்தேன். சூடு நின்றதும், போக வழியில்லாமல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஈரம், ஆறிக்கொண்டிருந்த தட்டுகளுக்கே திரும்பிவிட்டது. அதிசயம் என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு.

தபால் வருவதற்குள் நீ தின்றுவிடுவாயோ என்று பயந்து உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ரேடியோவில் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். சொன்னார்களா?

அண்ணி


செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணி,

சொன்னார்கள். எப்படிச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

காலை நேரத்தில் எல்லா மலை நிலையங்களும் வரிசையாக அளவுகளைச் சொல்வோம். காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம். நடுவில் ஆபரேட்டர், புயல் எச்சரிக்கை வாசிக்கும் அதே குரலில், "அவசரச் செய்தி. கறியைத் தின்ன வேண்டாம். இப்படிக்கு அண்ணி" என்று வாசித்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு குரல்: "எங்களுக்குமா?" இப்போதெல்லாம் காலை வணக்கம் போயே போய்விட்டது. "கறி தின்னாச்சா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் பிரபலம்.

நல்லவேளை, பையைத் திறக்கவில்லை. கறி முழுவதையும் தொலைவில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேன். பெரியவர் ஈமச்சடங்குக்கு வருபவரைப் போலப் பின்னாலேயே வந்தார். ஆப்பிளும் வாழைப்பழமும் பூக்கவில்லை, கொஞ்சம் பிசுபிசுப்பு மட்டும். அவற்றைக் காப்பாற்றிவிட்டேன். இங்கே ஒரு பழைய வெப்பமானிப் பெட்டி சும்மா நிற்கிறது. நான்கு பக்கமும் சாய்வான மரச் சட்டங்கள், உள்ளே வெயில் வராது, மழை வராது, காற்று மட்டும் போய்வரும். அதற்குள் பரப்பினேன். காற்று எப்போது வறண்டிருக்கும் என்று சொல்லத்தானே எனக்குச் சம்பளம்! அந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன், மேகம் ஏறும் முன் உள்ளே எடுத்தேன். இப்போது வில்லைகள் கலகலவென்று சத்தம் போடுகின்றன.

அப்படிக் காத்துக்கொண்டிருந்த ஒரு காலைதான் இதைப் பார்த்தேன். நீங்கள் இருக்கும் ஊரின் இடத்தில் மேகம், விளிம்பு வரை நிறைந்த பால் பாத்திரம்போல. வெயில் ஏற ஏற அது அசைந்தது. எழுந்தது. சரிவைத் தடவிக்கொண்டு மெதுவாக மேலே வந்தது. முதலில் கம்பித் தூண்கள் மறைந்தன, பிறகு பாதை, பிறகு என் செருப்பு. என் ஸ்வெட்டரின் ஒவ்வொரு நூலிலும் ஒரு மணி நீர்.

நான் இத்தனை வருடமாக ஈரப்பதத்தை ஒரு எண்ணாக எழுதுகிறவள். நூற்றுக்கு இத்தனை. அது ஏதோ ஒரு பொருளை விட்டுக் கிளம்பிவந்த தண்ணீர் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. உங்கள் கடிதம் பையில் இருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து நீங்கள் செய்த அந்த முதல் தக்காளி, அதன் தண்ணீர் எங்கே போயிருக்கும்? யாரோ துவைத்துக் காயப்போட்ட சட்டையின் தண்ணீர், குளத்துத் தண்ணீர், மாடு விட்ட மூச்சு, எல்லாம் கலந்து, யாருடையதென்று தெரியாமல் என்மேல் ஏறி நிற்கிறது. பைத்தியம் மாதிரி நாக்கை நீட்டினேன். நீங்கள் எழுதியது சரி. ருசி இல்லை. மேகம் கடந்து போகும்வரை அங்கேயே நின்றேன் அண்ணி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரியவரின் முழங்கால் வீங்கிவிட்டது. அடுத்த வாரம் தூக்கு நாற்காலியில் கீழே இறக்குகிறார்கள். பனிக்காலத்தில் இங்கே ஒருவரை மட்டும் விட விதி இடம் தராது. இன்னொரு நோக்கர் வேண்டும், இல்லையென்றால் வீட்டாள் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும். அலுவலகத்தில் யாருக்கும் மனமில்லை. எல்லாருக்கும் திடீரென்று குடும்பம் ஞாபகம் வந்துவிட்டது. "முன்னெல்லாம் மத்த நிலையங்கள்ல நோக்கருங்க பொண்டாட்டியக் கூட்டிட்டு வருவாங்க" என்றார் பெரியவர். நான் எங்கே போய்ப் பெண்டாட்டி தேடுவது?

ஆகையால் மறுபடி கறி செய்ய வேண்டாம். கடைசித் தொட்டி வரும்போது நிலையத்தைப் பூட்டிவிட்டு நானும் இறங்குகிறேன். கட்டங்கள் இந்த வருடமும் வெறும் கட்டங்கள்தான். உங்களை இவ்வளவு அலையவைத்ததற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சுண்டெலி


அக்டோபர் 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

கறி வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து முடித்த பிறகுதான் கறிக்கடைக்குப் போனேன்.

முதலில் கீழ்வீட்டம்மாவின் கதவைத் தட்டினேன். "ஜன்னலைத் திறக்கப் போறேன். வாசனை வரும். நிறுத்த முடியாது, சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது அது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சண்டைக்கு வர்றவ இவ்வளவு மெதுவாவா பேசுவா? உனக்கு அதுக்கும் பழக்கம் இல்ல. கஞ்சி முடிஞ்சு போன வாரமே டாக்டர் எல்லாம் சாப்பிடலாம்னுட்டாரு. ஒரு துண்டு அனுப்பு, தின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

ஜன்னல்கள் எல்லாவற்றையும் விரியத் திறந்துவைத்தேன். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போனது. இம்முறை சுவர் வியர்க்கவில்லை, உப்பு உதிரி உதிரியாகவே இருந்தது. தட்டுகளை அறையில் ஆறவிடாமல், கைபொறுக்கும் சூடு வந்ததும் அடைத்தேன். ஜாடிகளை ஒரு வாரத்துக்கு மேலாகக் குலுக்கிக்கொண்டிருக்கிறேன். உள்ளே கல் குலுங்கும் சத்தம். கண்ணாடி தெளிவு.

உலர்த்திக்கொண்டே உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் உன் செருப்பு மறையும் இடம் வரும்போதெல்லாம் என் கை நின்றுவிடும். யோசித்துப் பார்த்தால் நான் ஏறிய அதிகபட்ச உயரம் எங்கள் மொட்டை மாடி. பார்த்த மேகமெல்லாம் அடிப்பக்கம். அடுத்தவர் எழுதியதில் ஒற்றெழுத்து விழுந்துபோனதைச் சரிசெய்துகொண்டே பாதி ஆயுள் போயிருக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை, எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் எல்லாமே யாரோ பார்த்துவிட்டு வந்து எழுதியது.

உன் அண்ணனிடம் நீ இறங்கி வருவதாக மட்டும் சொன்னேன். "நல்லதா போச்சு, தனியா கெடந்து என்ன பண்ணும்" என்று சாப்பிட ஆரம்பித்தார். பிறகு பாதியில் கையை நிறுத்திவிட்டு, "அப்ப அந்த நாலு மாசம் இந்த வருஷமும் வெறுமனேதான் போகுமா?" என்றார். உன்னுடைய கட்டங்கள் அவர் தொண்டையிலும் சிக்கியிருக்கின்றன. அவர் காட்டிக்கொள்ள மாட்டார்.

முந்தாநாள் உன் அலுவலகத்துக்குப் போனேன். பனிக்காலத்தில் துணைக்குப் போகிற வீட்டாளுக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்டேன்.

"யாருக்கும்மா?" என்றார் கிளார்க்.

"தெரிஞ்சவங்களுக்கு."

"உடம்பு நல்லா இருக்கணும். டாக்டர் சர்டிபிகேட் வேணும். ரேடியோவுல நாலு எண்ணத் தப்பில்லாம வாசிக்கணும். அதெல்லாம் பெருசில்ல. நாலு மாசம் ஒரே ரூம்ல சண்டை போடாம இருக்கணும், அதான் ஆளுங்களுக்கு ஆக மாட்டேங்குது. என்ன உறவு?"

"அண்ணி, நாத்தனார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நல்லா யோசிச்சுக்கச் சொல்லுங்க" என்றார்.

டாக்டரிடமும் போனேன். மார்பில் குழாயை வைத்துக் கேட்டவர், நன்றாக ஓடுகிறது, எதற்குத் திடீரென்று இந்தச் சோதனை என்றார். வயசாகிறதே என்றேன். சர்டிபிகேட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்.

பயம் இல்லாமல் இல்லை. உன் அண்ணனுக்கு டீ மட்டும்தான் போடத் தெரியும். அதற்கும் சர்க்கரை எங்கே என்று கேட்பார். நான்கு மாதம் அவர் குரல் கேட்காமல் எனக்கு எப்படிப் போகும் என்பதை அவருக்கு எப்படிப் போகும் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கருவியைப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணைத் தப்பில்லாமல் வாசிக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. அச்சகத்துக்காரரே ஒத்துக்கொள்வார்.

வெளியே வெயில். கொடியில் உன் அண்ணனின் வேலைச் சட்டைகள் காய்கின்றன. கிரீஸ் கறை அப்படியே இருக்கிறது. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறதென்று அண்ணாந்து பார்த்தேன். இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை.

இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணனிடம் இன்று அவர் வந்ததும் சொல்ல வேண்டும். எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடமும் இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை, கையில் வைத்திருக்கிறேன். கடைசித் தொட்டி வருவதற்குள் நேரில் தருகிறேன்.

கறி கம்பியில் வரும். நான் பாதையில் நடந்து வருகிறேன்.

அண்ணி